ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி சீக்கிரம் சாகுமா?

சென்ற இதழில் சர்க்கரை நோயாளி ஒருவரின் கால் புண்ணைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும்போது பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: ஒரு மருந்துக்கு அடங்காத கிருமிக்கு இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன? அதனால் இந்த முறை எல்லாப் பக்கமும் அதற்கே. பலர் வீட்டு நோயாளியின் விவரங்களோடு எழுதியிருப்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எம்ஆர்எஸ்ஏ என்பது புது வியாதியா? இல்லை, வழக்கமாகச் சீழ் பிடிக்க வைக்கிற கிருமிதானா?
— வாசகி, கரூர்

பழைய கிருமிதான். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று பெயர். சுருக்கமாக ஸ்டாஃப் என்போம். பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் மூக்கில் அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. தோலில் கீறல் விழுந்தால் கட்டி, சீழ். ரத்தத்துக்குள் போய்விட்டால் கதையே வேறு, நல்ல சிகிச்சை கொடுத்தும் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இறந்துபோகிறார்கள்.

1941-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு போலீஸ்காரருக்கு முகத்திலும் கண்ணிலும் இந்தத் தொற்று பரவிக் கிடந்தபோது, அப்போதுதான் பிரித்தெடுக்கக் கற்றிருந்த பெனிசிலினைப் போட்டார்கள். சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். மருந்து கையிருப்பு தீர்ந்துவிட்டது. அவர் சிறுநீரில் வெளியேறிய பெனிசிலினைக்கூடப் பிரித்தெடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள், போதவில்லை, இறந்துவிட்டார். அதற்குப் பிறகு பெனிசிலின் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள்கூட ஆகவில்லை, அதை உடைக்கும் நொதியோடு ஸ்டாஃப் வந்துவிட்டது. லண்டன் மருத்துவமனையில் அது வேகமாகப் பெருகுவதை மேரி பார்பர் 1940-களின் கடைசியிலேயே எழுதிவைத்தார்.

அந்த நொதியால் உடைக்க முடியாதபடி உருவாக்கிய மருந்துதான் மெத்திசிலின். 1960-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தது. அதற்கும் அடங்காத ஸ்டாஃபைப் பற்றி பாட்ரிசியா ஜெவன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1961-லேயே அறிவித்துவிட்டார். மெத்திசிலினுக்கு அடங்காத அந்த ஸ்டாஃப்தான் எம்ஆர்எஸ்ஏ. இந்த முறை கிருமி மருந்தை உடைக்கவில்லை. பெனிசிலின் வகை மருந்துகள் கிருமியின் செல்சுவரைக் கட்டும் புரதத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. எம்ஆர்எஸ்ஏ-விடம் பிபிபி2ஏ என்ற இன்னொரு புரதம் இருக்கிறது, மருந்து அதில் சரியாக ஒட்டாது. சுவர் வேலை நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மெத்திசிலின் மட்டுமல்ல, கிளாக்சசிலின், செஃபசோலின் என்று அந்தக் குடும்பம் அநேகமாக முழுக்கத் தோற்றுப்போகிறது.

இன்னொரு விவரமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஐரோப்பிய முள்ளெலிகளின் தோலில் வளரும் ஒரு பூஞ்சை பெனிசிலின் போன்ற பொருளைச் சுரக்கிறது. அதோடு போராடிய ஸ்டாஃப், நாம் ஆன்டிபயாடிக்கே கண்டுபிடிக்காத 1800-களின் தொடக்கத்திலேயே இதே மாதிரியான எதிர்ப்பைப் பெற்றுவிட்டது என்று 2022-ல் மரபணு ஆய்வு காட்டியது. கிருமியின் மருந்து எதிர்ப்பை நாம் உருவாக்கவில்லை, அது பரவ இடம் கொடுத்தோம். 2008, 2009-ல் இந்தியாவின் 15 பெரிய மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில் ஸ்டாஃப் மாதிரிகளில் பத்துக்கு நான்கு எம்ஆர்எஸ்ஏ. உலக அளவில் 2019-ல் இந்த எதிர்ப்பாலேயே இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

நான் பயோடெக்னாலஜி படிக்கிறேன். காசநோய்க்கு நாலு மருந்து சேர்த்துத்தானே கொடுக்கிறார்கள்? கிருமி ஒன்றுக்குத் தப்பினாலும் இன்னொன்றில் மாட்டும். எம்ஆர்எஸ்ஏ-வுக்கும் அதையே செய்தால் என்ன?
— மாணவர், சென்னை

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. ஐசோனியசிட், பிஏஎஸ் என்ற இரண்டு மருந்தையும் வீட்டிலிருந்தே சாப்பிட்டவர்கள், சானடோரியத்தில் படுத்துச் சாப்பிட்டவர்கள் அளவுக்கே குணமானார்கள் என்று அங்கு நடந்த ஆய்வு காட்டியபோது, உலகமே காசநோய் சிகிச்சையை மாற்றிக்கொண்டது. அதற்கு முன்பே, ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தால் எதிர்ப்பு வருகிறது, கூட ஒரு மருந்து சேர்த்தால் அது பெரிதும் குறைகிறது என்று பிரிட்டிஷ் ஆய்வு சொல்லியிருந்தது.

அங்கே அது வேலை செய்வதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. காசநோய்க் கிருமி வேறு கிருமியிடமிருந்து எதிர்ப்பு மரபணுவை வாங்குவதில்லை, தன் மரபணுவில் தற்செயலாக ஏற்படும் மாற்றம் ஒன்றுதான் அதற்கு வழி. ஐசோனியசிடுக்குத் தப்பும் மாற்றம் சுமார் பத்து லட்சத்தில் ஒரு கிருமிக்கு, ரிஃபாம்பிசினுக்குத் தப்பும் மாற்றம் சுமார் பத்துக் கோடியில் ஒன்றுக்கு. இரண்டும் ஒரே கிருமியில் சேர்ந்து வர வேண்டுமானால் இரண்டு எண்ணையும் பெருக்குங்கள். உடம்பில் அத்தனை கிருமியே இருக்காது.

ஸ்டாஃபுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அது எதிர்ப்பு மரபணுக்களைத் தயாராகவே, சில சமயம் பல மருந்துக்கு உரியதை ஒரே தொகுப்பாகவே, பக்கத்துக் கிருமியிடமிருந்து வாங்கிக்கொள்ளும். 2002-ல் அமெரிக்காவின் மிச்சிகனில், என்டரோகாக்கஸ் என்ற வேறு கிருமியிடமிருந்து எம்ஆர்எஸ்ஏ-வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வான்கோமைசின் மருந்துக்கான எதிர்ப்பையே வாங்கிக்கொண்ட ஸ்டாஃப் கண்டுபிடிக்கப்பட்டது. நல்லவேளை, அது பரவவில்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது. எம்ஆர்எஸ்ஏ ரத்தத்தில் கலந்த நோயாளிக்கு வான்கோமைசின் கொடுக்கும்போது, பெரும்பாலும் சிக்கல் புது எதிர்ப்பு முளைப்பதால் வருவதில்லை. மருந்து மெதுவாகக் கொல்கிறது, கிருமி இதய வால்விலோ முதுகெலும்பிலோ ஒளிந்திருக்கிறது, சிக்கல் அங்கே. ஆகவே இரண்டாவது மருந்தைச் சேர்ப்பவர்கள் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று: வேகமாகக் கொல்ல வேண்டும்.

ஆய்வகக் குடுவையில் அது அழகாகவே நடக்கிறது. வான்கோமைசினோடு, தனியாகக் கொடுத்தால் எம்ஆர்எஸ்ஏ-வை ஒன்றும் செய்யாத கிளாக்சசிலின் வகை மருந்தைச் சேர்த்தால் கிருமி வேகமாகச் சாகிறது. சரி, நோயாளிக்கு? அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், இஸ்ரேல் ஆகிய நாடுகளின் 27 மருத்துவமனைகளில் கேமரா-2 என்ற ஆய்வு நடந்தது. 352 நோயாளிகள். ஒரு பாதிக்கு வான்கோமைசின் அல்லது எம்ஆர்எஸ்ஏ-வுக்கே தரும் இன்னொரு ஊசி மருந்தான டாப்டோமைசின் மட்டும், மறுபாதிக்கு அதோடு முதல் ஏழு நாள் ஃபுளூக்ளாக்சசிலின், கிளாக்சசிலின், செஃபசோலின் இவற்றில் ஒன்று. முடிவு 2020-ல் வெளியானது. ஐந்தாம் நாளிலும் ரத்தத்தில் கிருமி இருந்தவர்கள் கூட்டு மருந்துப் பிரிவில் 11 சதவீதம், மற்றதில் 20. ஆக, குடுவையில் பார்த்தது மனித உடம்பிலும் நடந்தது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பு ஒரு மருந்துப் பிரிவில் 6 சதவீதம், கூட்டு மருந்துப் பிரிவில் 23. இறப்பு அதே வரிசையில் 16 சதவீதம், 21 சதவீதம். இறப்பில் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், சிறுநீரகத்தில் உள்ளது அப்படியில்லை. 440 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தவர்கள் 352 பேரோடு நிறுத்திவிட்டார்கள்.

இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்பப் பலருக்கும் சொல்கிறேன். இது நடக்காமல் போயிருந்தால், குடுவை முடிவை மட்டும் நம்பி நல்லெண்ணத்தோடே எத்தனை பேரின் சிறுநீரகத்தைக் கெடுத்திருப்போம்! பாதிப்பு அதிகம் தெரிந்தது ஃபுளூக்ளாக்சசிலின், கிளாக்சசிலின் எடுத்தவர்களிடம். செஃபசோலின் எடுத்த சிலரிடம் அவ்வளவு இல்லை, அதனால் செஃபசோலினை மட்டும் சேர்த்துப் பார்க்கும் கேள்வியை ஸ்னாப் என்ற பெரிய பன்னாட்டு ஆய்வில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 29 மருத்துவமனைகளில், ரத்தத்தில் ஸ்டாஃப் கலந்த 758 பேரிடம், வழக்கமான சிகிச்சையோடு ரிஃபாம்பிசினைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு இருந்தது சாதாரண ஸ்டாஃப், சிலருக்கே எம்ஆர்எஸ்ஏ. சிகிச்சை தோற்றது, நோய் திரும்பியது, இறந்தது எல்லாம் சேர்த்து 17 சதவீதம், சேர்க்காதவர்களிடம் 18. ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் டாப்டோமைசினோடு ஃபாஸ்ஃபோமைசினைச் சேர்த்த ஆய்வில் குணமானோர் 54 சதவீதம், டாப்டோமைசின் மட்டும் எடுத்தவர்களில் 42. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 155 பேரை வைத்து அந்த வித்தியாசத்தை உறுதி என்று சொல்ல முடியாது, பக்கவிளைவால் மருந்தை நிறுத்த வேண்டி வந்தவர்களும் கூட்டுப் பிரிவில்தான் அதிகம்.

இரண்டு மருந்து ஒன்றையொன்று கெடுப்பதும் உண்டு. பெனிசிலின் போன்றவை வளர்ந்துகொண்டிருக்கும் கிருமியைத்தான் கொல்லும். கிருமியின் வளர்ச்சியை நிறுத்திவைக்கும் மருந்தைக் கூடவே கொடுத்தால்? 1951-ல் லெப்பர், டௌலிங் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நிமோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் இதைக் கண்டார்கள். பெனிசிலின் மட்டும் பெற்றவர்களில் 30 சதவீதம் பேர் இறந்தார்கள், வளர்ச்சியை நிறுத்தும் ஆரியோமைசினையும் சேர்த்துப் பெற்றவர்களில் 79 சதவீதம். கிருமி வேறு, காலம் வேறு, ஆனால் மருந்தைக் கூட்டினால் பலமும் கூடும் என்று நினைக்கும் யாரும் அந்த எண்ணை மறக்கக் கூடாது.

அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி மூன்று வாரத்தில் சீழ் பிடித்தது. திரும்பத் திறந்து சுத்தம் செய்தார்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டில் எம்ஆர்எஸ்ஏ. வான்கோமைசின் ஊசியோடு ரிஃபாம்பிசின் மாத்திரையும் கொடுக்கிறார்கள். அது டி.பி. மருந்து என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். அப்பாவுக்கு டி.பி.யா?
— வாசகர், திண்டுக்கல்

இல்லை, பயப்படாதீர்கள். ரிஃபாம்பிசின் காசநோய்க்குப் பேர்போன மருந்து, அவ்வளவுதான். ஸ்டாஃபையும் நன்றாகக் கொல்லும். மேலே ரத்தத் தொற்றில் பலனில்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு இதை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், அப்பாவின் நிலைமை வேறு.

உடம்புக்குள் உலோகம், பிளாஸ்டிக் எது வைத்தாலும் அதன் மேல் ஸ்டாஃப் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் குளத்துப் படிக்கட்டில் படியும் பாசி மாதிரி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். அதற்குள்ளே கிருமி பெருகாமல் சோம்பிக் கிடக்கும், பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கு அப்படிக் கிடக்கும் கிருமியைக் கொல்லத் தெரியாது. ரிஃபாம்பிசின் அதையும் கொல்லும். 1998-ல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஒரு சின்ன ஆய்வில், செயற்கை மூட்டு, எலும்பு பிளேட் இவற்றில் ஸ்டாஃப் பிடித்தவர்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசினோடு ரிஃபாம்பிசினையும் கொடுத்து முழுச் சிகிச்சையையும் முடித்த 12 பேரும் குணமானார்கள். ரிஃபாம்பிசின் இல்லாமல் முடித்த 12 பேரில் 7 பேர்தான். உலகம் முழுக்க எலும்பு மருத்துவர்கள் இதைப் பின்பற்றுகிறார்கள். 2020-ல் நார்வேயில் 48 பேரிடம் செய்து பார்த்தபோது அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஆனாலும் பெரும்பாலான வழிகாட்டு நெறிகள் இன்னும் ரிஃபாம்பிசினைத்தான் சொல்கின்றன. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஆனால் அதைத் தனியாக ஒருநாளும் கொடுக்கக் கூடாது. கிருமியின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், ரிஃபாம்பிசின் வீண். துணை மருந்து கூட இருந்தாலே முழுப் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. ஜெருசலேமில் நதாலி பலபானின் குழு எம்ஆர்எஸ்ஏ நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளை நாள்வாரியாகப் பார்த்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது: கிருமி முதலில் ஒரு மருந்தைச் சாகாமல் தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது, அந்த மருந்தின் காவல் தளர்ந்ததும் ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு கிளம்பிவிடுகிறது. அதனால்தான் முதலில் திறந்து நன்றாகச் சுத்தம் செய்து, ஊசி மருந்தால் கிருமியின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, காயம் காய ஆரம்பித்த பிறகு ரிஃபாம்பிசினைத் தொடங்க விரும்புகிறோம்.

அப்பாவின் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது ரத்தம் இல்லை. ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிவிடுவதால் பல மருந்துகள் சீக்கிரம் கரைந்து போய்விடும்: ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், சில சர்க்கரை மாத்திரைகள், வலிப்பு மாத்திரைகள். அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ஊசி முடிந்து மாத்திரைக்கு மாற்றும்போது ரிஃபாம்பிசினோடு இன்னொரு மாத்திரையும் இருக்கும். அது கடையில் இல்லை என்றால் "இதை மட்டும் சாப்பிடட்டும்" என்று ஒரு நாள்கூட விட்டுவிடாமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். சிகிச்சை பொதுவாக மூன்று மாதம், சிலருக்கு அதற்கு மேலும்.

பழைய மூன்று மருந்துகளைச் சேர்த்ததும் எம்ஆர்எஸ்ஏ செத்துவிட்டது என்று படித்தேன். உண்மையா? உண்மை என்றால் ஏன் இங்கே கொடுப்பதில்லை?
— ஆசிரியை, நாகர்கோவில்

உண்மைதான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கௌதம் தந்தாஸின் குழு 2015-ல் வெளியிட்டது. மெரோபெனம், பிபராசிலின், டாசோபாக்டம் ஆகிய மூன்றும் பெனிசிலின் உறவுக் கூட்டம்தான், தனித்தனியாக எம்ஆர்எஸ்ஏ-விடம் தோற்பவை. சேர்ந்தபோது கொன்றன.

நான் முதலில் சொன்ன பிபிபி2ஏ புரதத்துக்கு, மருந்து ஒட்ட வேண்டிய இடம் மூடியே இருக்கும். மெரோபெனம் அந்தப் புரதத்தின் வேறொரு பகுதியில் போய் உட்கார்ந்தால் மூடிய இடம் திறக்கிறது. பிபராசிலின் செல்சுவர் கட்டும் மற்ற புரதங்களைத் தாக்குகிறது. பெனிசிலினை உடைக்கும் நொதியை டாசோபாக்டம் தடுக்கிறது. ஒரே சுவர் வேலையில் மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் அடி. அதைவிட நேர்த்தி, இந்த மூன்றில் ஒன்றுக்கு எதிர்ப்பு வளர்த்தால் இன்னொன்றுக்குக் கிருமி பலவீனமாகிவிடுகிறது, அதனால் ஆய்வகத்தில் நாள்கணக்கில் வளர்த்துப் பார்த்தும் எதிர்ப்பு எழவில்லை. எலிகளிலும் வேலை செய்தது.

சேர்க்கை என்றால் இப்படிக் காரணம் தெரிந்து சேர்க்க வேண்டும், படித்தபோது எனக்கு உண்மையிலேயே உற்சாகமாக இருந்தது. ஆனால் எலிக்கும் மனிதனுக்கும் நடுவில் கேமரா-2 போன்ற ஒரு சோதனை நிற்கிறது. மேலும் இந்த மூன்றும் குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும், மெரோபெனத்தை நம் நாட்டில் வேறு பல ஆபத்தான கிருமிகளுக்காகப் பத்திரப்படுத்த வேண்டியிருக்கிறது. செஃப்டரோலின், செஃப்டோபிப்ரோல் என்று தனியாகவே பிபிபி2ஏ-வில் ஒட்டும் மருந்துகளும் வந்துவிட்டன.

வீட்டில் யாருக்குக் கட்டி வந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் ஆம்பிசிலினும் கிளாக்சசிலினும் சேர்ந்த கேப்சூல் தருகிறார்கள். ரெண்டு மருந்து இருக்கு, நல்லா கேட்கும் என்கிறார்கள். இதுவும் கூட்டு மருந்துதானே?
— வாசகர், ஈரோடு

இந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் எழுத முடியவில்லை, கோபம் உங்கள் மேல் இல்லை.

உங்கள் கட்டி சாதாரண ஸ்டாஃபால் வந்தது என்றால் கிளாக்சசிலின் மட்டும் போதும், ஆம்பிசிலினை அந்தக் கிருமி பெரும்பாலும் உடைத்துவிடும். எம்ஆர்எஸ்ஏ என்றால் இரண்டுமே கேட்காது. ஆக எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆம்பிசிலின் அங்கே வீண். அதோடு 500 மில்லிகிராம் கேப்சூலில் பாதி ஆம்பிசிலின், பாதி கிளாக்சசிலின் என்பதால் தேவையான மருந்தும் பாதி அளவுதான் உள்ளே போகிறது. குறைந்த அளவு மருந்தில் கிருமியைப் பழக்கினால் அது எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-ல் நோபல் உரையிலேயே எச்சரித்தார்.

இந்தியாவில் 2011-12-ல் விற்பனையில் இருந்த ஆன்டிபயாடிக் கூட்டு மருந்துகளை ஓர் ஆய்வு எண்ணிப் பார்த்தது. 118 வகை. அதில் 75-க்கு மத்திய அரசின் அனுமதி இருந்ததற்கான பதிவே இல்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் புழக்கத்தில் இருந்தவை ஐந்துதான். 2012-ல் நாடெங்கிலுமிருந்து மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்தச் சொல்லி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். 2014 மார்ச்சிலிருந்து எச்-1 என்ற அரசுப் பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். 2018-ல் 328 கூட்டு மருந்துகளை மத்திய அரசு தடை செய்தது. இவ்வளவுக்குப் பிறகும் "ரெண்டு மருந்து இருக்கு" என்பதே விற்பனைப் பேச்சாக இருக்கிறது.

அர்த்தமுள்ள கூட்டு மருந்துகளும் உண்டு. கோட்ரைமாக்சசோல் என்பதே இரண்டு மருந்துதான், கிருமி ஃபோலிக் அமிலம் தயாரிக்கும் ஒரே பாதையில் அடுத்தடுத்த இரண்டு படிகளை அடைக்கிறது. பல எம்ஆர்எஸ்ஏ தோல் தொற்றுகளுக்கு இந்த மலிவான மாத்திரை இன்றும் கேட்கிறது, சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் ஆகாது. ஆனால் கட்டிக்கு முதல் மருத்துவம் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான், சிறு கட்டிகள் பல அதிலேயே ஆறிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் பிதுக்காதீர்கள், முக்கியமாக மூக்கு, மேலுதடு பக்கம்.

என் தம்பி இங்கே மருத்துவமனையில் இருக்கிறான். ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ. டாப்டோமைசின் போட்டும் ஏழாம் நாளும் கிருமி இருக்கிறது என்று செஃப்டரோலினைச் சேர்த்திருக்கிறார்கள். கூட்டு மருந்தால் பலனில்லை என்கிறார்களே, அவன் மேல் சோதனை செய்கிறார்களா?
— வாசகி, சிங்கப்பூர்

இல்லை அம்மா. கேமரா-2 சொன்னது, எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே கிளாக்சசிலின் வகையைச் சேர்க்காதே என்பதுதான். ஒரு வாரமாகியும் ரத்தம் சுத்தமாகாத உங்கள் தம்பிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, சும்மா காத்திருப்பதும் அங்கே ஆபத்து. டாப்டோமைசினுக்கு ஸ்டாஃப் மெல்லத் தப்பத் தொடங்கும்போது, பெனிசிலின் உறவு மருந்துகளுக்கு அது பலவீனமாவது அடிக்கடி நடக்கிறது. செஃப்டரோலினோ எம்ஆர்எஸ்ஏ-வைத் தனியாகவே கொல்லக்கூடியது. 2019-ல் அமெரிக்காவில் 40 பேரிடம் நடந்த ஆய்வில் இந்த இரண்டும் சேர்ந்து பெற்ற 17 பேரில் யாரும் இறக்கவில்லை, ஒரு மருந்து பெற்ற 23 பேரில் ஆறு பேர் இறந்தார்கள். மிகச் சிறிய ஆய்வு, நடுவில் நின்றுபோனது, அதை வைத்து எல்லோருக்கும் சட்டம் போட முடியாது. ஆனால் தம்பி போன்றவர்களுக்கு இதைத் தேர்ந்தெடுப்பது நியாயமான முடிவு.

நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு. கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது? இதய வால்வுக்கு எக்கோ, முடிந்தால் உணவுக்குழாய் வழியாகச் செய்வது, எடுத்தாயிற்றா? முதுகு வலி என்கிறானா, எம்ஆர்ஐ பார்த்தார்களா? பழைய டிரிப் குழாய், டயாலிசிஸ் குழாய் ஏதாவது உள்ளே இருக்கிறதா? எங்காவது சீழ் தேங்கியிருந்தால் எத்தனை மருந்து போட்டாலும் அதை எடுக்காமல் ரத்தம் சுத்தமாகாது. நுரையீரலில் நிமோனியா இருந்தால் டாப்டோமைசின் அங்கே வேலை செய்யாது என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தக் கல்ச்சர் சுத்தம் என்று வரும் நாளிலிருந்துதான் சிகிச்சையின் வாரக் கணக்கு தொடங்கும். அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

அம்மாவை அட்மிட் செய்தபோது வான்கோமைசினும் மெரோபெனமும் போட்டார்கள். மூன்றாம் நாள் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். முதலில் போட்டது தவறா?
— வாசகர், தஞ்சாவூர்

தவறில்லை. என்ன கிருமி என்று தெரியாத முதல் இரண்டு நாளுக்கு வலையை அகலமாக விரித்தார்கள், கல்ச்சர் வந்ததும் தேவையில்லாததை எடுத்துவிட்டார்கள். நிறுத்தியதற்காக அந்த டாக்டருக்கு நன்றி சொல்லுங்கள், பலர் நிறுத்தத் தயங்குவார்கள்.

எம்ஆர்எஸ்ஏ வந்தவர் வீட்டுக்கு வந்தால் குழந்தைகளுக்கு ஒட்டுமா?
— வாசகி, மதுரை

ஒட்டலாம், ஆனால் ஒட்டினாலே நோய் வரும் என்றில்லை. துண்டு, ரேசர், படுக்கை விரிப்பு தனியாக இருக்கட்டும், புண்ணை மூடி வையுங்கள், கை கழுவுங்கள். குழந்தையைத் தூக்க வேண்டாம் என்றெல்லாம் ஒதுக்கிவைக்காதீர்கள். அமெரிக்காவில் எம்ஆர்எஸ்ஏ-வோடு வீடு திரும்பிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், குளோர்ஹெக்ஸிடின் குளியல், வாய் கொப்பளிப்பு, மூக்கில் முபிரோசின் களிம்பு இவற்றை மாதம் இரு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நாள் என்று ஆறு மாதம் செய்தவர்களுக்கு எம்ஆர்எஸ்ஏ தொற்று 30 சதவீதம் குறைந்தது. உங்கள் வீட்டுக்கு அது தேவையா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், களிம்பை நீங்களாக மாதக்கணக்கில் தடவினால் அதற்கும் எதிர்ப்பு வரும்.

எனக்குக் கால் எலும்பில் எம்ஆர்எஸ்ஏ. லைனசோலிட் மாத்திரை ஆறு வாரம் எழுதியிருக்கிறார்கள். நான் மனச்சோர்வுக்கு எஸ்சிடலோப்ராம் சாப்பிடுகிறேன். எலும்பு டாக்டரிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இரண்டையும் சேர்க்கலாமா?
— வாசகர், திருநெல்வேலி

இன்றைக்கே சொல்லிவிடுங்கள், கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. இரண்டும் சேரும்போது சிலருக்கு உடம்பில் செரோடோனின் அளவுக்கு மீறி ஏறி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு, குழப்பம் வரலாம். பலருக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனாலும் கண்காணிப்பு வேண்டும், வேறு மருந்துக்கு மாற்றவும் வழியிருக்கிறது. எஸ்சிடலோப்ராமை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. லைனசோலிட் இரண்டு வாரம் தாண்டினால் தட்டணுக்கள் குறையலாம், அதனால் வாரம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை. கால் விரல்களில் மரமரப்போ பார்வை மங்கலோ தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் அன்றே போய்க் காட்டுங்கள்.